நோகாத ஊசி

எனக்கு ஓட்டை வாய் என்பது எங்கள் வெள்ளவத்தை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, அன்று என்னைத்தான் துணைக்குக் கூட்டிப்போனார். எட்டு வயதுக்காரிக்கு ஒரு சொக்லட் வாங்கிக் கொடுத்தால் வாய் அடைத்துவிடும் என்று நம்பினார் போலும்.

மலாயாவில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை லீவில் வந்து, அந்த மாதக் கடைசியில் சின்னம்மாவைப் பெண் பார்க்க இருந்தார். சின்னம்மாவின் இடது கன்னத்தில் ஐம்பது சதக் காசு அளவுக்கு வெளிறிய இடம் ஒன்று இருந்தது. தேமல் என்று சொல்லி அம்மா பயற்றம் மாவைப் பூசினார், சந்தனம் பூசினார், மஞ்சளும் அரைத்துப் பூசினார். அது அசையவேயில்லை.

எங்கள் வீட்டு ஒழுங்கை வழியே பட்டுத்துணி மூட்டை சுமந்து வரும் சீனாக்காரர்தான் வழி சொன்னார். கொட்டாஞ்சேனையில் அவருடைய மனைவி சீன வைத்தியம் பார்க்கிறாராம். முத்தைப் பொடித்து முகத்துக்குக் களிம்பு செய்வாராம். எங்கள் மன்னார்க் கடலில் எடுத்த முத்து சீனம் வரை போய்ப் பொடியாகித் திரும்பி வருகிறதே என்று சின்னம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஆனாலும் போனோம். கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, றெயிலில் கோட்டைக்கும் அங்கிருந்து ட்ராமிலுமாகப் போனோம்.

வெளியே மத்தியான வெயில். அந்த அறைக்குள் மட்டும் இருட்டு. காய்ந்த தோடம்பழத் தோலும் ஏதேதோ வேர்களும் மணத்தன. சீன அம்மா சின்னம்மாவை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார். முகத்தில் தெரிவது உள்ளே இருப்பதுதான், முதலில் அந்த இடத்துக்கு இரத்தம் ஓடவேண்டும், களிம்பெல்லாம் பிறகு என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார். பிறகு தலைமயிர் போல மெல்லிய ஊசிகளை எடுத்தார். சின்னம்மா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

முதல் ஊசி வெளிறலுக்கு வெளியே இறங்கியது. சின்னம்மா 'ஸ்' என்றார். இரண்டாவது வெளிறலின் நடுவில் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது இறங்கி, நின்று, மெல்ல ஆடியது.

"ரிதெனவாத?" நோகிறதா என்று சீன அம்மா சிங்களத்தில் கேட்டார்.

"அடுத்தது இன்னும் குத்தேல்லைத்தானே, பிள்ளை?" என்று சின்னம்மா கண்ணைத் திறக்காமல் என்னிடம் கேட்டார்.

நான் ஊசிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஊசியும் நான்காவதும் இறங்கின. அவற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே, எப்போது குத்தப்போகிறார்கள் என்று சின்னம்மா சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

கண்ணைத் திறந்து எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. சீன அம்மா ஊசிகளைக் கழற்றினார். களிம்புச் சிமிழை மூடி அலுமாரிக்குள் வைத்தார். எவ்வளவு கெஞ்சியும் தரவில்லை, பெரிய டொக்டரிடம் போகும்படி மட்டும் சொன்னார். பிறகு தன் உள்ளங்கையைச் சின்னம்மாவின் அந்தக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சநேரம் எடுக்காமலே இருந்தார்.

திரும்பி வரும்போது சின்னம்மா ட்ராமில் வெளியே பார்த்தபடி அந்த இடத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டே வந்தார். நகம் பதிந்து சிவந்த பிறகும் விடவில்லை.

"அம்மாட்டச் சொல்லிப்போடாத, என்ன? மாப்பிள்ளை வந்து பாத்திட்டுப் போகட்டும்" என்றார். தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

ஒன்பது நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை. பத்தாம் நாள் என் காலில் முள் ஏறிவிட்டது. அம்மா தையல் ஊசியால் அதைக் கிளற, நான் அலறினேன்.

"ஒரு ஊசிக்கு ஊரைக் கூட்டுறியே!"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சின்னம்மாவுக்குக் கன்னத்தில ஊசி குத்தினது. அவவுக்கு நோகவேயில்லை. எனக்கு நோகுது!"

அம்மாவின் கை நின்றது. எங்கே, யார் குத்தியது என்று இரண்டே கேள்விதான் கேட்டார். முள்ளை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஊசியோடு எழுந்து சின்னம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் நொண்டிக்கொண்டு போய்க் கதவோரம் நின்றேன். அம்மாவின் கை பொல்லாத கை. சின்னம்மாவும் அலறத்தான் போகிறார், நான் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை என்று அம்மாவுக்குத் தெரியத்தான் போகிறது என்று ஆசையோடு காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. வெகுநேரம் கழித்து அழுகை கேட்டது. அது அம்மாவின் குரல்.

தொழுநோய் பிடித்த இடத்தில் ஊசி குத்தினால் தெரியாது என்பதும், அந்த நோயாளரை வீட்டில் வைத்திருக்க அப்போது சட்டம் விடாது என்பதும் நான் வளர்ந்த பிறகு அறிந்தவை. சீன அம்மாவுக்குப் பிறகு அந்தக் கன்னத்தை எங்களில் ஒருவரும் கையால் தொடவில்லை. அன்று எனக்கு விளங்கியதெல்லாம் சின்னம்மா என்னைவிடத் தைரியசாலி என்பது மட்டும்தான். அந்தப் பொறாமையில் இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரிக் கார் வந்தது. படியில் நின்று சின்னம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் போகவில்லை.