பெயரைத்தான் மறைத்தேன்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மதியம். செம்பூர் பக்கத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கு அறையில் நடந்தது இது. இன்றும் நல்ல மழை பிடித்தால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது. கண்ணாடி ஜன்னல் முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெளியே மரங்கள் எல்லாம் உருவம் கலைந்து வெறும் பச்சையாக அசைந்தன. உள்ளே ஏ.சி. குளிர், புரொஜக்டர் வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் மெதுவாக மிதக்கும் தூசி. சாப்பாடு முடிந்த நேரம் என்பதால் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். நானும் ஏதோ கனவுக்குள் நடப்பவள் மாதிரிதான் மேடைக்குப் போனேன்.

அப்போது நான் பொதுச் சுகாதாரத்தில் ஆராய்ச்சி மாணவி. பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா. தாத்தா காலத்திலேயே ஆபீஸ் வேலைக்காக பம்பாய்க்கு வந்துவிட்ட குடும்பம். படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தது அம்மா, அதனால் இதில் பிழை இருந்தால் அம்மாவைத் திட்டிக்கொள்ளுங்கள். நோயாளியின் ரகசியமும் சுகாதாரக் கொள்கையும் என்பது அன்றைய கருத்தரங்கின் தலைப்பு. எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். காசநோய்க்கு மருந்து வாங்குகிறவர்களை வீட்டுக்குப் பக்கத்து மையத்துக்கே போகச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, அவர்கள் விரும்புகிற இடத்தில் வாங்க விட வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு ஆதாரமாக ஓர் அக்காவின் கதையை வைத்திருந்தேன்.

அந்த அக்கா, தமிழர்கள் நெருக்கமாக வாழும் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் இருப்பவர். திருநெல்வேலிப் பக்கம் பூர்வீகம். மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமையல் வேலை. அவருக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு, முழுசாகக் குணமாகியிருந்தது. புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. நோய் தெரிந்த உடனேயே, ஊருக்குப் போகிறேன் என்று வேலை வீடுகளில் சொல்லிவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். இனிமேல் உங்களால் யாருக்கும் ஒட்டாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கரண்டியைத் தொட்டார். பக்கத்திலேயே மருந்து கிடைத்தும் வாராவாரம் பஸ் ஏறி தாதர் போய் மாத்திரை வாங்கிவந்தார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது பல மாதப் பழக்கத்துக்குப் பிறகு. அவர் வெங்காயம் நறுக்குவார், நான் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன், பேச்சு தானாக வரும். ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருந்தார்.

இந்த இடத்தில் லேபர் கேம்ப் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சந்துகளில் பெரியவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை. சொந்த ஊரின் பெயரைச் சொல்லி, அதோடு அக்கா, மதினி, அண்ணாச்சி என்று எதையாவது சேர்த்துக்கொள்வார்கள். நம் அக்காவையும் அப்படித்தான், அவர் சமைக்கப் போகும் வீடுகளிலும் அதே பெயர்தான். என்ன ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஏன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டிலும் மருத்துவமனை அட்டையிலும் மட்டும்தான் இருந்தது. அடுத்த வீட்டுக்காரிக்குக்கூட அது தெரியாது. அட்டையைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டதில் ஒரு பெருமை வேறு.

அந்தப் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். கட்டுரையிலும், திரையில் காட்டும் படங்களிலும் அந்தப் பெயர் எங்கேயும் வராமல் அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக, எல்லோரும் கூப்பிடுகிற ஊர்ப்பெயரையே போட்டு, பக்கத்தில் அக்கா என்று எழுதினேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் மராத்திக்காரர். படித்துப் பார்த்துவிட்டு நல்ல புனைபெயர் என்று பாராட்டினார். அவருக்கு அது காதுக்கு இனிமையான ஒரு சத்தம், அவ்வளவுதான். தமிழ் தெரியாத எவரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. தமிழ் தெரிந்ததால் நான் செய்தேன்.

அன்று நான் நன்றாகத்தான் பேசினேன். என் குரலே எனக்குத் தூரத்தில் எங்கேயோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. தாதர் பஸ், முந்தானைக்குள் மறைத்த மாத்திரைப் பை, ஊருக்குப் போவதாகச் சொன்ன பொய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் பின்னால் திரையில் அந்த ஊர்ப்பெயர் பெரிய எழுத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கைதட்டல் கேட்டபோது கண் கலங்கியது. அக்காவுக்கு ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டதாக உண்மையிலேயே நம்பினேன்.

டீ இடைவேளையில் எல்லோரும் வராந்தாவுக்கு வந்தோம். சாரல் முகத்தில் அடித்தது. கையில் சமோசாவோடு ஒரு மேடம் என்னிடம் வந்தார். மருத்துவ அறம் பற்றிப் பல காலம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், மாட்டுங்காவாசி. அன்று காலையில் முதல் உரையே அவருடையதுதான். நோயாளியின் ரகசியம் நோயாளியின் சொத்து, அதைத் தொட நமக்கு உரிமை இல்லை என்று அவ்வளவு அழகாகப் பேசியிருந்தார். நான் வரிக்கு வரி குறிப்பு எடுத்திருந்தேன். பாராட்டத்தான் வருகிறார் என்று சிரித்த முகத்தோடு நின்றேன்.

"ரொம்ப நன்னா பேசினே. நீ சொன்னியே, அந்த அக்கா... எங்காத்துல சமைக்கறாளே, அவதானே?"

வாயில் இருந்த டீ அப்படியே நின்றுவிட்டது. மேடம் மழையைப் பார்த்துக்கொண்டே, பழைய விஷயம் ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு வரவே இல்லை. அப்புறம் வந்தா, பாதியா இளைச்சு. இப்போதான் புரியறது."

இல்லை மேடம், அது வேறு ஆள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எத்தனையோ தேவையில்லாத பொய் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத் தேவையான ஒன்று வரவில்லை. அக்காவுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு, "அவங்களுக்கு முழுசா குணமாயிடுத்து மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அதுவரை அவருக்கு இருந்தது சந்தேகம் மட்டும்தான். அதை உறுதியாக்கிக் கொடுத்தவள் நான். மேடம் என் தோளைத் தட்டி, பயப்படாதே, நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். யாரிடமும் அவர் சொல்ல வேண்டியதே இல்லை. தெரியக் கூடாத ஆளே அவர்தான்.

அதன் பிறகு அந்த அறைக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, சயான் வழியாகப் போகும் ஒரு பஸ்ஸில் ஏறினேன். சாலையெல்லாம் தண்ணீர். பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஜன்னலுக்கு வெளியே கடைப் பெயர்களும் குடைகளும் கலங்கிக் கலங்கி நகர்ந்தன. இந்த பஸ் எங்கேயும் போய்ச் சேராமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். மேடம் நல்லவர்தானே, ஒன்றும் ஆகாது என்று மனசு சமாதானம் சொன்னது. ஆனால் நாளைக் காலையில் ஒன்றும் தெரியாமல் அக்கா அந்த வீட்டு மணியை அடிப்பதை நினைத்ததும் லேபர் கேம்ப் பக்கம் இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா மாலைச் சமையலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நனைந்துபோய் நின்ற என்னை உள்ளே இழுத்துத் துண்டைக் கொடுத்தார். தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழ வேண்டியது நான் இல்லை. அக்கா சத்தம் போடவில்லை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"அங்க என்னப் பத்தி என்னெல்லாம் சொன்ன? ஒண்ணு விடாம அப்படியே சொல்லு, கேப்போம்."

சொன்னேன். மேடையில் இங்கிலீஷில் பேசியதை அங்கே தமிழில் சொன்னேன். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வேறு யாரோ ஒரு பெண்ணின் கதையைக் கேட்பதுபோல் அவர் கேட்டார். ஊரார் பேச்சுக்குப் பயந்து அவர் தாதருக்குப் போன இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"பயந்து பயந்து போனேன்னு எழுதிட்ட. பயம் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த பஸ்ல ஜன்னல் சீட்டு கெடைக்கும் பாத்துக்கோ. போக அரமணி, வர அரமணி. அடுப்பு கெடயாது, யாரும் கூப்பிட மாட்டாவ. சீக்குல கெடந்த ஆறு மாசத்துல அதான் பிள்ளே எனக்கு லீவு. அத ஏன் எழுதல?"

"நீங்க சொல்லவே இல்லையே அக்கா."

"நீ கேக்கவே இல்லியே."

அவருடைய நோயைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவள், அந்த ஆறு மாதத்தில் சந்தோஷமாக எதுவாவது இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தில் கையெழுத்து வாங்கிய தைரியத்தில், நீங்களும் சம்மதம் கொடுத்தீர்களே அக்கா என்று இழுத்தேன். இதை எழுதும்போதும் அந்த வார்த்தைக்காக வெட்கப்படுகிறேன்.

"கையெழுத்து போட்டது வாஸ்தவந்தான். உன் மொகத்தப் பாத்துப் போட்டேன். ஊர்ல உள்ள எல்லாத்துக்குமா போட்டேன்?"

எழுந்து புடவையை உதறிக் கட்டிக்கொண்டார். அந்த அம்மா கேட்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ சொன்னதெல்லாம் போதும்" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அக்கா வீட்டில் டீ குடிக்காமல் நான் வெளியே வந்தது அன்றைக்கு மட்டும்தான்.

சிகிச்சை முடிந்ததற்கான டாக்டர் சீட்டை அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்துப் போய் மேடத்திடம் காட்டியிருக்கிறார். மேடம் கண்ணாடி போட்டுப் படித்து, இதில் மறைக்க என்ன இருக்கிறது, நீ தாராளமாக வேலைக்கு வா என்றாராம். திட்டவில்லை, நிறுத்தவில்லை. ஆனால் அடுத்த வாரத்தில் சாதத்தை நானே வைத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கடுத்த வாரம் குழம்பும் நானே என்றார். காய் நறுக்கினால் போதும் என்று ஆனது. பிறகு ஒருநாள் நறுக்கிய காயை மேடம் மறுபடி கழுவுவதை அக்கா பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து போகவில்லை. இதை அக்கா எனக்குச் சொன்னது இரண்டு மாதம் கழித்து, போனில், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. மேடத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரிடம் அந்த ரகசியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைத்ததும் அந்தக் கோபம் எங்கே போக வேண்டுமோ அங்கே போனது.

என்னால் முடிந்ததைச் செய்தேன். கருத்தரங்குக் கட்டுரைகளைத் தொகுத்து அச்சடிக்கும் புத்தகத்திலிருந்து என் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். காரணம் கேட்ட பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், எனக்கு அந்தப் பெயர் ஒரு பெயராகத்தான் தெரிந்தது என்றார். அக்காவுக்குச் செம்பூரில் சமையல் வேலைக்கு வேறு ஒரு வீடு கிடைத்தது. நான் தேடிக் கொடுக்கவில்லை, அவரே பார்த்துக்கொண்டார். எங்கள் பழக்கம் விட்டுப்போகவில்லை என்பது என் பாக்கியம்தான். ஒரு தீபாவளிக்கு அவரே போன் செய்து, என்ன பிள்ளே, ஆளையே காணோம் என்றார். போனேன். டீ கொடுத்தார்.

இதை எழுதலாம் என்று தோன்றியதும் முதலில் அவரைத்தான் கேட்டேன். எழுது, ஆனால் அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டு என்றார். போன ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் வீட்டில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்தேன். வெளியே மழை இல்லை, ஆனாலும் எனக்கு மழை கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா இரண்டு இடத்தில் சிரித்தார். மேடத்தை ரொம்ப மோசமாகக் காட்டாதே, அவரும் மனுஷிதானே என்றார். முடித்த பிறகு இரண்டே இரண்டு வரியைச் சொல்லி, அது மட்டும் வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் எதிரிலேயே அடித்துவிட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல வரிகள் அவைதான், அவை இல்லாமல்தான் இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்தக் கருத்தரங்கிலும் நான் கற்றுக்கொள்ளாத ஒன்றை, அந்த இரண்டு வரிகளின் மேல் கோடு இழுத்தபோதுதான் கற்றுக்கொண்டேன்.