அறிக்கையில் இல்லாத ஆட்கள்

1. படம்

யுத்த காலம். மைசூரில் நான் எக்ஸ்ரே அசிஸ்டெண்டாக இருந்த ஆஸ்பத்திரியில் பிலிமுக்குக் கடும் பஞ்சம். கை முறிந்து வருகிறவருக்கே யோசித்துத்தான் படம் எடுப்போம். அப்படியிருக்க, ஒரு காலையில் பெட்டி பெட்டியாகப் பிலிம் வந்து இறங்கியது. அனுப்பியது ஊருக்கு வெளியே இருந்த கல்நார் மில், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் மில். கல்நார்த் தூசியால் நுரையீரலுக்குக் கெடுதல் உண்டா என்று எங்கள் டாக்டர் ஆராய்ச்சி செய்யப்போகிறார், செலவு மில்லுடையது என்றார்கள். பிலிமைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

மறுநாள் மில் ஆட்கள் லாரியில் வந்தார்கள். புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைத் தூசி. அவர்களில் மாரப்பன், தமிழ் பேசுகிற கோபிநத்தம் பக்கத்துக்காரர். சாக்கில் கல்நார் அடைக்கிற வேலை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

"புடிச்சா நிக்க மாட்டேங்குதுங்க சாமி."

மூன்றாம் முறைதான் படம் சரியாக விழுந்தது. டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"டி.பி. மாதிரி இல்லையே. மேல சுத்தமா இருக்கு, கீழ ரெண்டு பக்கமும் மங்கல். தூசிதான்" என்றார். ரிஜிஸ்டரில் மாரப்பன் பெயருக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொன்னார். அந்த வாரம் இன்னும் சில பெயர்களுக்கும் சிவப்புக் கோடு விழுந்தது.

2. பட்டியல்

மில் மேனேஜர் ஒரு சீப்பு நஞ்சன்கூடு வாழைப்பழத்தோடு வந்தார். டாக்டர் தம் அறையில்தான் இருந்தார்; அங்கே போகாமல் நேராக என் மேஜைக்கு வந்தது ஏன் என்று அன்றே நான் கேட்டிருக்க வேண்டும்.

"படம் எடுத்துண்டவா லிஸ்டு ஒண்ணு எழுதிக் குடுங்கோ. சிவப்புக் கோடு யார் யாருக்குன்னும் குறிச்சிடுங்கோ. பாவம், அவாளுக்கு லேசான வேலையா மாத்திக் குடுக்கலாம்."

நல்ல மனுஷர் என்று நினைத்து, என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து தேவராஜ மார்க்கெட்டில் மாரப்பனைப் பார்த்தேன். தலையில் காய்கறிக் கூடை. நாலடி நடப்பதும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதுமாக இருந்தார்.

"மில்லுக்குப் போகலையா?"

"எங்களை நிறுத்திப் போட்டாங்க. படம் எடுத்த கையோட."

கூட நிறுத்தப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் ரிஜிஸ்டரைத் திறந்தேன். சிவப்புக் கோடு விழுந்தவர்களில் ஒருவர்கூட மில்லில் மிச்சமில்லை.

3. ஒரு வார்த்தை

ஆராய்ச்சி அறிக்கையின் நகல் டைப் ஆகி டாக்டர் மேஜையில் இருந்தது. 'ஆலைத் தொழிலாளர்களில்' என்ற சொல்லுக்கு முன்னால் பச்சை மையால் யாரோ 'தற்போதைய' என்று சேர்த்திருந்தார்கள். டாக்டர் பச்சை மை தொடமாட்டார்; மில்லிலிருந்து வரும் கடிதங்களில்தான் அந்த மையைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, தூசியால் நோய் கண்ட ஆள் ஒருவரும் இல்லை என்று அறிக்கை சொன்னது. அதற்குத் தோதாகச் சில பக்கங்கள் குறுக்கே கோடிட்டு நீக்கப்பட்டும் இருந்தன.

"சார், மாரப்பன்?"

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்ப வேலையில இருக்கறவங்களைப் பத்திதானப்பா ஆராய்ச்சி. இதுல பொய் எங்க இருக்கு?"

பொய் இல்லைதான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுவாரம் பிலிம்களை மில்லில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. சிவப்புக் கோட்டுப் படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"எண்ணிக்கை குறையறதே" என்றார் மேனேஜர்.

"படம் கழுவுற டெவலப்பர் கெட்டுப்போய்ச் சில படம் கறுத்திடுச்சு சார். எறிஞ்சுட்டேன்."

மீதிப் படங்களை லாரியில் ஏற்றச் சொன்னார். பிறகு போய்விட்டார். வேலை போய்விடும் என்று பல நாள் பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை.

மாரப்பனின் படத்தை உறையில் போட்டு மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனேன். பட்டியல் எழுதியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அது கெடக்கட்டுங்க. எனக்கு என்ன சீக்குதானுங்க இருக்குது? இன்னும் யாருமே சொல்லலீங்களே."

டாக்டருக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. பட்டப்பகலில், சந்து நடுவே படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மங்கலை விரலால் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்களையும் தேடிப்போய் அவரவர் படத்தைக் கொடுத்தேன். இரண்டு பேரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாரப்பன் அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். அறிக்கை அச்சாகி வந்தது. அதை யாரும் மறுக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிலிம் யார் வாங்கிக் கொடுத்ததாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதில் தெரிவது யாருடைய நெஞ்சோ, அவரிடம் முதலில் சொல்லுங்கள்.