எண்ணெய் பூசிய சிலிண்டர்

விசுவாசக் குடும்பத்தாரே, நான் பொறுமைசாலி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சிக்கு வெளியே எங்கள் சபை நடத்திய முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தேன். இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் போராடிய வருஷங்கள் அவை. ஒரு வாரம் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை.

ஆக்ஸிஜன் இல்லாமல் மூச்சுவிட முடியாதவர்கள் எங்களிடம் இரண்டு பேர். மாசிலாமணி ஐயா, ரைஸ்மில் தவிட்டுத் தூசியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். காதர் பாய், கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஒரே சிலிண்டரிலிருந்து இருவருக்கும் குழாய் போகும். இரண்டு பேரோடும் எனக்கு ஓயாத சண்டை. ஐயா குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு பீடி கேட்பார். ஆக்ஸிஜன் புகுந்து வரும் தண்ணீர் பாட்டிலில் குமிழி வேகமாக வந்தால்தான் பாய்க்கு நம்பிக்கை. நான் குறைத்துவிட்டுத் திரும்புவதற்குள் திருகிக் கூட்டிவிடுவார். மறியலின் இரண்டாம் நாள் மதியமே சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டுக்கு இறங்கிவிட்டது.

நிறைந்த சிலிண்டர் ஒன்று மூலையில் இருந்தது. வால்வைத் திறக்கும் சாவியோடு போனேன். அதன் கழுத்து பளபளவென்று மின்னியது. தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்.

சபையிலிருந்து காலையில் ஜெபிக்க வந்த ரூத்தக்காவின் வேலை. எங்கள் சபையில் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது வழக்கம். அக்கா அதோடு நிற்கவில்லை. மறியல் முடிகிறவரை தீராமல் இருக்கட்டும் என்று சிலிண்டருக்கும் பூசி, வால்வின் வாய்க்குள்ளும் தாராளமாகத் தடவியிருந்தார். எண்ணெய் பட்ட வால்வைத் திறந்தால் தீப்பிடிக்கும் என்று சிலிண்டர் கொண்டுவருகிறவர் தலைபாடாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். இருந்த ஒன்றும் போயிற்று.

அக்காவைக் கண்டபடி திட்டினேன். பிறகு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரைத் திட்டினேன். மன்னியுங்கள், அன்றைக்கு எனக்கு வந்த ஜெபம் அதுதான்.

"நான் கேட்டது காத்து. எண்ணெய் கேட்டனா? அந்த ரெண்டு பேரும் என் கண்ணு முன்னால மூச்சு முட்டிச் சாகக் கூடாது. எனக்கு ஒண்ணும் தெரியல. நீரே பாத்துக்கும்."

அழுதுவிட்டு வெளியே வந்தால் அக்காவைக் காணோம். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று இன்னும் எரிச்சல் வந்தது. இருவருக்கும் காற்றைக் குறைத்து வைத்தேன். ஐயாவின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்த பாய் தன் குழாயைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"அவருக்கு ஜாஸ்தி வைங்க சிஸ்டர். எனக்குக் கம்மியா இருந்தாலும் போதும்."

குமிழிக்காக என்னோடு மல்லுக்கு நின்ற மனுஷன். ஐயாவுக்குக் கொஞ்சம் கூட்டிவைத்து, பாயின் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

நாலு மணி இருக்கும். வாசலில் பேச்சுச் சத்தம். ஏழெட்டு ஆட்கள், மூங்கிலில் கயிறு போட்டுக் கட்டிய சிலிண்டர், முன்னால் ரூத்தக்கா. மறியல் செய்தவர்களிடமே ஓடிப் போய், தன் தப்பால் இரண்டு உயிர் போகப்போகிறது என்று அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டாராம். அவர்களே டவுன் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, தாங்கள் வெட்டிப்போட்ட ஒவ்வொரு மரத்தின் மேலும் ஏறி இறங்கித் தூக்கிவந்திருந்தார்கள். ஒருவருக்குத் தோளில் தோல் உரிந்திருந்தது.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற, எங்க வைக்கணும் சொல்லு" என்றார் அவர்.

கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வால்வைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் ஐயாவின் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. வாயைத் திறந்து முதலில் கேட்டது பீடி. சிரித்துக்கொண்டே திட்டினேன்.

அன்றே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் மேல் எரிச்சல் வரும்போது, இவர் மூலமாக ஆண்டவர் என்ன அனுப்புவாரோ என்று இப்போதெல்லாம் கொஞ்சம் வாயை அடக்குகிறேன்.

உங்களுக்கும் ஜெபத்தில் நல்ல வார்த்தை வராமல் கோபம் மட்டும் வருகிறதா? அதையே கொண்டுபோங்கள், அவர் தள்ளமாட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என்னிடம் திட்டு வாங்கிய அந்த அம்மாள் செருப்புகூடப் போடாமல் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்.