ஏரிக்கரையில் நான் சொல்லாமல் விட்டது

பத்து வயதில் எங்கள் வீட்டின் இங்கிலிஷ் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. அப்பா வான் ஓட்டுவார், இங்கிலிஷ் ஓட்டமாட்டார். அம்மா எங்கடை தமிழ் ஆட்கள் மட்டுமே நிற்கிற ஒரு பிஸ்கட் ஃபக்டரியில் வேலை. அவவுக்கு அந்தப் பாஷை தேவைப்படவேயில்லை. டொக்டர் சொல்வது, அப்பார்ட்மென்ற் மனேஜர் திட்டுவது, ரீச்சர் முறையிடுவது எல்லாம் என் வாயால்தான் வீட்டுக்குள் வரும். ரீச்சரின் முறைப்பாடுகள் வருகிற வழியில் நன்றாகவே மெலிந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எதையும் சுருக்குவதில் நான் கெட்டிக்காரி. பத்து வசனத்தை ஒன்றாக்கிவிட்டு விளையாடப் போய்விடுவேன்.

அந்த வருசம் மாமா வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. பனிக்காலத்தில் ஊரிலிருந்து கனடாவுக்கு வந்து இறங்கி, டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டில் நாலு மாதம் அடைபட்டுக் கிடந்தவர். "உந்த நாட்டிலை வெளி எண்டு ஒண்டு இருக்கோ அக்கா?" என்று ஜன்னலடியில் நின்று கேட்பார். மே மாத லோங் வீக்கெண்டில் முதல் வெயில் எறித்ததும், தம்பிக்குக் கனடாவைக் காட்டுவோம் என்று அம்மா புறப்பட்டா. ஊறப்போட்ட கோழிக்கால் ஒரு வாளி, றோல்ஸ் ஒரு பெட்டி, பாய், குடை, பிளாஸ்க். காட்டுக்குப் போகிறோமா கலியாண வீட்டுக்குப் போகிறோமா என்றே தெரியாது. வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம்.

மாமா தீவுப்பகுதியில் கடலோடு வளர்ந்தவர். மரங்களுக்கு நடுவே ஏரியைக் கண்டதும் மனுசன் சின்னப்பிள்ளையாகிவிட்டார். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, தோணி வாடகைக்கு விடுகிற இடத்துக்கு ஓடினார். அப்பா அடுப்பு மூட்டப் போக, அம்மாவும் நானும் பின்னால் போனோம்.

தோணிக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். எங்களை நிறுத்தி வைத்து ஆறுதலாக, ஒவ்வொன்றாக இங்கிலிஷில் சொன்னார். மூன்று கிழமைக்கு முன்னர்தான் ஏரியில் ஐஸ் கரைந்தது. வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. விழுந்தால் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனுக்கும் மூச்சு அடைத்துவிடும், பிறகு கைகால் ஓடாது. மிதக்கிற ஜக்கெற் ஒன்றுதான் காப்பாற்றும். எல்லாவற்றையும் சொல்லு மகளே என்றார். எனக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அணில் றோல்ஸ் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டு நின்றது. அது ஓடிவிடப் போகிறதே என்ற அந்தரம்.

"தண்ணி குளிராம். ஜக்கெற் போடட்டாம்" என்றேன்.

மாமா சிரித்தார். "மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்கிறாரோ உவர்?"

கிழவருக்காக ஜக்கெற்றைப் போட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றி, தோணிக்குள் மெத்தை மாதிரிப் போட்டு அதன் மேல் இருந்துகொண்டார். "போட்டுக்கொண்டு போடா" என்று அம்மா கரையில் நின்று ஒருதரம் சொன்னா. அவ்வளவுதான்.

கொஞ்ச தூரம் போய் மாமா எழுந்து நின்றார், எங்களுக்குக் கை காட்டினார், குதித்தார். நான் கை தட்டினேன். தலை ஒருதரம் மேலே வந்தது. வாயை ஆவென்று திறந்தார், சத்தம் வரவில்லை. பகிடி விடுகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினேன். ஐயோ, தட்டினேனே! அம்மாதான் முதலில் தம்பீ என்று குழறினா. கிழவர் மோட்டார் படகில் போய்ச் சேர்ந்தபோது தோணி மட்டும் ஆடிக்கொண்டு நின்றது.

சுழியோடிகள் வந்து பின்னேரம்தான் மாமாவை எடுத்தார்கள்.

ஒரு பொலிஸ்காரி எனக்கு முன்னால் முழங்காலில் நின்று, அம்மாவிடம் ஒன்று கேட்கச் சொன்னா. தண்ணீரின் ஆபத்தை இந்தத் தோணிக்காரர் உங்களுக்கு விளக்கினாரா, உங்களுக்கு விளங்கியதா? கிழவர் சிவந்த கண்ணோடு என்னையே பார்த்தார். ஒரு சொல்லும் விடாமல் அதை அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா துணி போர்த்திக் கிடந்த தம்பியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா, கனநேரம்.

"அந்த மனிசன் எல்லாம் சொன்னவர். எனக்கு வடிவா விளங்கினது. நான்தான் தம்பியை மறிக்கேல்லை. அப்பிடியே சொல்லு."

அப்படியே சொன்னேன். நான் சொல்லாமல் விட்டதெல்லாம் அம்மாவுக்கு இங்கிலிஷிலேயே நேரே விளங்கியிருக்கிறது, பிழை என்னுடையது இல்லை! அந்த நிம்மதியில் அழுகையே நின்றுவிட்டது. அம்மா பொய் சொல்லுவா என்று பத்து வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.

அந்தப் பதில் சொந்தக்காரர் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. "தெரிஞ்சுகொண்டே தம்பியைத் தண்ணிக்கை விட்டனியே, நீயும் ஒரு அக்காவோ?" என்று ஊரிலிருந்து பெரியம்மா போனில் கத்தினா. நானும் சும்மா இருக்கவில்லை. பதினாறு வயதில் ஏதோ ஒரு சண்டையில், "நீங்கள்தானே மாமாவைச் சாகவிட்டனீங்கள்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "ஓம் பிள்ளை" என்றா.

போன மாதம் அம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப் போனேன். எந்தக் கண்ணில் நோவு என்று அவர் இங்கிலிஷில் கேட்டதற்கே அம்மா விளங்காமல் என் முகத்தைப் பார்த்தா. இவ்வளவு வருசமும் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? மாட்டுக்கு விளங்கியிருக்கும், எனக்கு விளங்கவில்லை.

காருக்குள் வந்து கேட்டேன். "அம்மா, அண்டைக்கு அந்தக் கிழவர் என்ன சொன்னவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை" என்றா அம்மா. "இப்பவும் சொல்லாதை."