மாரியம்மனுக்கு இரண்டு பங்கு வரி

அரசுப் பதிவின்படி குன்னம் பக்கத்து வீரம்மாளின் குடும்பம் ‘பெரு விவசாயி’ வகையைச் சேர்ந்தது. நிலம் பதினோரு ஏக்கர். அதில் பாதிக்கு மேல் ஆடுகூட மேயத் தயங்கும் கரடு என்பதைப் பதிவு சொல்லாது. மீதியில் மழை பெய்தால் மக்காச்சோளம் வரும். பெய்யாத வருடங்களில் பெரு விவசாயி கூலிக்குப் போவாள்.

இந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட ஊர் கூடியபோது, அழகேசன் வாத்தியார் எழுந்து நியாயம் பேசினார். இருக்கிறவனும் இல்லாதவனும் ஒரே வரி கட்டுவது என்ன நீதி? ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு பங்கு கட்டட்டும்.

முதலில் கைதட்டியவர் செல்லக்கண்ணு. இரண்டு லாரியும் ஒரு கல் கிரஷரும் வைத்திருப்பவர். நிலத்தை மனைவி, மாமியார், டிரைவர் என்று பிரித்து எழுதிவைத்திருப்பதால் அவர் சிறு விவசாயி.

“வாத்தியார் சொல்றதுதான் சரி. என்னைய மாதிரி ஏழைபாழைங்க எவ்வளவுதான் கட்டுவோம்?” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் வேலை செய்பவர்கள்; அளவாகச் சிரித்தார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. மற்றவர்கள் எல்லாம் அண்ணன் தம்பிக்குள் எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டவர்கள். பட்டாக்களைப் பார்த்ததில் ஊருக்கு ஒரே பணக்காரியாக வீரம்மாள் தேறினாள்.

மறுநாள் வாத்தியார் முகம் செத்துப்போய் அவள் வீட்டுக்கு வந்தார்.

“பட்டா இன்னும் பாலாஜி பேர்லயே இருக்குங்க. உங்க மவன் போயி ரெண்டு வருசம் ஆச்சு. பேரை எடுத்துட்டு, உங்களுக்கும் மருமவளுக்கும் பேத்திக்குமா மூணாப் பிரிச்சுட்டா நீங்களும் சிறு விவசாயிதான். மனு நானே எழுதித் தரேன்.”

“செல்லக்கண்ணு மாதிரியா?”

“அவர் பண்றது திருட்டு. இது உள்ளதுங்க.”

வீரம்மாள் உதிர்த்துக்கொண்டிருந்த கதிரைக் கீழே வைத்தாள்.

“ரேசன் கார்டுல எடுத்துட்டாங்க, வாத்தியாரே. ஓட்டு லிஸ்ட்டுல எடுத்துட்டாங்க. அவன் நம்பருக்குப் போட்டா எவனோ இந்திக்காரன் பேசுறான். நல்ல புள்ள, கத்தாம வெச்சுடுறான். இதுலயும் எடுத்துட்டா எம்புள்ள எங்கதான் இருப்பான், சொல்லுங்க.”

வாத்தியார் அந்தக் கதிரை எடுத்து உதிர்க்கத் தொடங்கினார்.

“உங்களுக்கு மட்டும் தள்ளுபடி பண்ணச் சொல்றேன்” என்றார்.

“வேணாம். ஏன் தள்ளுபடின்னு கேப்பாங்க. செத்துட்டான்னு நீங்க மைக்குல சொல்லணும்.”

அந்த வாரம் முழுக்க வீரம்மாள் செல்லக்கண்ணுவின் வெங்காயக் காட்டில் களை எடுத்தாள். சனிக்கிழமை கூலியை வாங்கிப்போய், பாலாஜியின் பேரில் இரண்டு பங்கு வரி கட்டினாள்.