ஓரடி நிலமும் மூன்று தேக்சாவும்

மனைப்பிரிவில் போடப்படும் சாலை பக்கத்து நிலத்தின் எல்லையைத் தொட்டே முடிய வேண்டும். நாளை அந்த நிலமும் மனைகளானால், சாலை தடையின்றித் தொடர வேண்டும். நகரமைப்பு விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வீடு கட்டுகிறவன் தன் வாசலை மட்டும்தான் நினைப்பான். அவனுக்குப் பின்னால் வருகிறவனையும் நினைத்து யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக எங்கள் பக்கத்துச் சாலைகளெல்லாம் மரம் வெட்டிப் போட்டு மறிக்கப்பட்ட வாரம் அது. கள்ளக்குறிச்சியில் என் வாடகை வீட்டுக்கு இருபதடி தள்ளி, இந்த விதி ஒரு சுவரில் முட்டி நின்றது. அந்தச் சுவர் எழுந்ததற்கு நானே காரணம்.

மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்ப்பது அப்போது என் வேலை. எங்கள் குடியிருப்புக்கு மேற்கே இருந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் மனைகளாகப் பிரித்து, ஓரமாக ஒரு கல்யாண மண்டபமும் கட்டினார். சாலைகளை முறைப்படி ஊர்ப் பொதுவுக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஆனால் எங்கள் தெருவைத் தொடும் இடத்தில் கடைசி ஓரடியை மட்டும் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டார். மனை போடுகிறவர்களின் பழைய தந்திரம் இது. அந்த ஓரடி கையில் இருக்கும்வரை பக்கத்து நிலத்துக்காரன் இந்தச் சாலையில் கால் வைக்க முடியாது. வரைபடத்தில் ஓரடி என்பது பேனாக் கோட்டின் தடிமன்தான். வெறும் கோடு என்று நினைத்து, சரியென்று கையெழுத்துப் போட்டேன். மறுமாதம் அந்தக் கோட்டின்மேல் ஆளுயரச் சுவர் எழுந்தது, உச்சியில் கண்ணாடிச் சில்லுகளோடு.

மண்டபம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. நாங்களோ பெரிய சாலைக்குப் போய் ஊரைச் சுற்றிக்கொண்டு போனோம். எங்கள் தெருவில் குடியிருந்த இரும்புக்கடை பாய் மூன்று முறை மனு கொடுத்தார். மூன்றுக்கும் நானே பதில் தயாரித்தேன்: சுவர் தனியார் பட்டா நிலத்தில் இருப்பதால் நடவடிக்கைக்கு இடமில்லை. அந்தப் பதிலில் எல்லாம் இருந்தது, என் பிழையைத் தவிர.

மறியல் வாரத்தில் அதே பாயின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்ப வேண்டியவர், தள்ளிப்போட வழியில்லை. நிக்காஹ் அந்த மண்டபத்தில். அங்கே விறகடுப்புக்கு இடமில்லாததால் சமையல் பாய் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில். வெந்ததும் வேனில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. விடிந்து பார்த்தால், அதுவரை தப்பியிருந்த பெரிய சாலையிலும் மூன்று புளியமரங்கள் குறுக்கே கிடந்தன.

மாப்பிள்ளை வீட்டார் தியாகதுருகத்திலிருந்து இருட்டோடு கிளம்பி நடந்தே வந்துவிட்டார்கள். மறியல் செய்த இளைஞர்களே வயதானவர்களைக் கைகொடுத்து மரத்துக்கு மரம் தாண்டவைத்தார்களாம். அதற்காக அவர்களையும் விருந்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். பிரியாணியோ அண்டா போன்ற மூன்று பெரிய தேக்சாக்களில், மூடிமேல் தணல் போட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் தம்மில் இருந்தது. ஒவ்வொன்றையும் கழி கொடுத்து நாலு பேர் தூக்க வேண்டும். வாசனை மட்டும் சுவர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பாய் மண்டபத்திலிருந்து வயல் வழியாக ஓடி, ஓடையில் இறங்கி, முழங்கால்வரை சேற்றோடு என் வாசலில் வந்து நின்றார். அலுவலகம் போக முடியாமல் நான் நாலு நாள் பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சார், இந்த சொவத்துக்கு ஏதாச்சும் வழி சொல்லுங்க சார். நடந்தே வந்த ஜனங்க, பசியோட ஒக்காந்துகினு இருக்குது. எந்த மூஞ்சிய வச்சிகினு நான் அங்க போயி நிக்கறது?"

எனக்கு வழி தெரியும். முதலில் அறிவிப்பு, பதினைந்து நாள் அவகாசம், பிறகு விசாரணை, அதற்குமேல் மேல்முறையீடு. வாய்ப் பழக்கத்தில் அதைச் சொல்லியும்விட்டேன்.

பிரியாணி சமைக்க வந்த பண்டாரி கரண்டியோடு பக்கத்தில் நின்றார். "தம்மு பதினஞ்சி நாள் தாங்காது சார். அர மணி தாங்கும்" என்றார்.

வாளியில் மொண்டு சுவருக்கு மேலே கொடுக்கலாமே என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாந் தூரம் நடந்து வந்தவங்களுக்கு ஆறிப்போன சோறா? மூடிய பந்தியிலதான் தொறப்பேன்."

உள்ளே போய் அந்த வரைபடத்தின் நகலை எடுத்துவந்தேன். பாயிடம் காட்டி, "இது கோடில்ல பாய், ஓரடி நிலம். நான்தான் பாக்காம கையெழுத்து போட்டேன். உங்க மனுவுக்கெல்லாம் அத மறைச்சி பதில் எழுதினதும் நான்தான்" என்றேன்.

பாய் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அத அப்பறமா திட்டறேன் சார். இப்ப வாங்க."

அவர் வீட்டு முக்காலியைச் சுவரோரம் போட்டு ஏறி நின்றேன். கூப்பிட்டதும், மண்டபத்தில் இருந்த நிலத்துக்காரர் வந்து அந்தப் பக்கம் ஒரு பெஞ்சின்மேல் ஏறினார். நடுவில் கண்ணாடிச் சில்லுகள்.

"ஐயா, சுவர் கட்டத்தான் அனுமதி வேணும். சொந்தச் சுவரை இடிக்க எந்த அனுமதியும் வேணாம்" என்றேன். அப்படியொரு சலுகை விதியில் இருப்பது எனக்கே அந்த முக்காலியில்தான் உறைத்தது.

"இன்னா சார், வேலிய என்னையே புடுங்கச் சொல்றீங்களா? இன்னிக்கி வழி வுட்டா நாளைக்கி ஊரே இதுல நடக்கும். திரும்பக் கட்ட வுடுவீங்களா?"

"கட்டலாம். மனு குடுங்க, அனுமதி வரணும்."

"எத்தினி நாள்ல வரும்?"

"விதிப்படி முப்பது நாள்."

நான் பொய் சொல்லவில்லை. விதி அப்படித்தான் இருந்தது.

அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "இந்தாய்யா, அத்தினி பேரு எலைய போட்டுகினு உன் மூஞ்சியப் பாத்துகினு இருக்காங்க. அந்த ஒரு அடியில இன்னா, கரும்பா வெளஞ்சி கெடக்குது?"

சுவரின் இரண்டு பக்கமும் சிரிப்பு எழுந்தது. மறியல் இளைஞர்களில் ஒருவர், "மரத்தையே சாய்ச்சிட்டோம், இது ஒரு சொவரா? கடப்பாறைய குடுங்க" என்றார்.

"தள்ளுப்பா," என்று நிலத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். "என் சொவரு. மொதல்ல நான்தான் இடிப்பேன்."

கால் மணி நேரத்தில் தேக்சா நுழையும் அளவுக்கு வழி பிறந்தது. பண்டாரி முன்னால் ஓடி ஓடிக் கத்தினார்: "மெல்ல, மெல்ல! இடிக்கச் சொன்னது சொவரத்தான், என் தேக்சாவ இல்ல!" மண்டபத்தில் மூடி திறந்தபோது எழுந்த ஆவிக்கு, கைதட்டாத ஆளில்லை. நிலத்துக்காரர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து மறுசோறு கேட்டு வாங்கினார். பாயும் சொன்ன சொல் தவறவில்லை. கை கழுவும் இடத்தில் நிறுத்திவைத்து, என்னை ஆசை தீரத் திட்டினார். பிறகு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

மறியல் முடிந்த வாரமே, சுவரைத் திரும்பக் கட்ட அனுமதி கேட்டு நிலத்துக்காரரின் மனு வந்தது. இந்த முறை எதையும் மறைக்காமல் குறிப்பு எழுதினேன். என் பிழையையும் எழுதி, என்ன செய்யலாம் என்று மேலிடத்தின் அறிவுரை கேட்டேன். என் பிழைக்கு விளக்கம் கேட்டு ஒன்பதே நாளில் கடிதம் வந்தது. சுவரைப் பற்றி மட்டும் பதில் இல்லை.

நிலத்துக்காரர் மாதம் ஒருமுறை வந்து, "பதில் வந்துச்சா சார்?" என்று கேட்டார். முதலில் பெரிய சாலை வழியாக வந்தவர், பிறகு அந்த இடைவெளி வழியாகவே வரத் தொடங்கினார். அதில் முதலில் பள்ளிப் பிள்ளைகள் நடந்தார்கள். பால் சைக்கிள் வந்தது. எஞ்சிய செங்கற்களை யார் யாரோ எடுத்துப்போக, ஆட்டோ வந்தது. முனையில் டீக்கடை முளைத்தது. விலைபோகாமல் கிடந்த அவருடைய மனைகள் வீடுகளாயின. மண்டபத்துக்கு எங்கள் பக்கத்துக் கல்யாணங்களும் வந்தன. பாயின் மகள் தலைப் பிரசவத்துக்கு அந்த வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள். அந்த வருஷம், இருட்டாக இருக்கிறது, ஒரு விளக்குக் கம்பம் போடுங்கள் என்று மனு கொடுத்தவர் நிலத்துக்காரர்தான். பதில் வந்ததா என்று அதன்பிறகு அவர் கேட்கவேயில்லை. நானும் நினைவூட்டுக் கடிதம் அனுப்பவில்லை. என் பணிக்காலத்தில் நான் தெரிந்தே செய்யாமல் விட்ட ஒரே வேலை அது.

எந்த ஊரின் வரைபடத்தைப் பார்த்தாலும், அதில் யார் எந்தத் தெருவில் பசியோடு காத்திருக்கிறார்கள் என்று தேடும் பழக்கம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை. மேலிடத்தின் பதிலோ, வரைபடத்தின் இன்னொரு நகலை அனுப்பச் சொல்லி, நான் ஓய்வுபெற்ற மறுமாதம் முதல் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.