பச்சை நூல் சுற்றிய பீடிக்கட்டு

அன்று நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியின் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: விசாரிக்க வந்த அதிகாரி, முதலாளி, கணக்குப்பிள்ளை, என் ஐயா, அவருடைய அக்காவான என் அத்தை, பக்கத்து வீட்டுச் சித்தி, திரி வெட்டும் பெண்கள் பதினோரு பேர், அப்புறம் நான். சித்தியின் புருசனைப் பற்றித்தான் விசாரணை. அவர் முந்தின வாரமே வெடிமருந்து அறையோடு எரிந்துபோயிருந்தார்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். அன்றைக்குப் பயமெல்லாம் அத்தையின் வாயை நினைத்துத்தான்.

சித்தப்பா உள்ளே பீடி பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று எல்லோரும் சொல்லவேண்டும். சொன்னால் கம்பெனி திறக்கும், சித்திக்கும் இருநூறு ரூபாய் கிடைக்கும். முதலாளி அப்படிச் சொல்லிவைத்திருந்தார். தீபாவளி ஆர்டருக்காக அளவுக்கு மேல் மருந்து கலக்கச் சொன்னது யார் என்ற பேச்சே எழவில்லை.

அத்தைக்கு வாசலில் வேலை. காலையில் உள்ளே போகிற ஆண்களிடம் பீடியும் தீப்பெட்டியும் வாங்கித் தகர டப்பாவில் போட்டுவைப்பாள். சாயங்காலம் திருப்பிக் கொடுப்பாள். அடையாளத்துக்கு அவரவர் பீடிக்கட்டில் ஒரு நூல் சுற்றியிருக்கும். சித்தப்பாவுடையது பச்சை நூல்.

ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லச் சொன்னதைச் சொன்னார். பெண்களும் சொன்னார்கள். சித்திகூட, "பீடி குடிச்சிருப்பாக" என்றாள். அத்தையின் முறை வந்தது. அவள் மடியிலிருந்து பச்சை நூல் சுற்றிய பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"காலையில குடுத்தாகய்யா. சாயங்காலம் வாங்க வரலை."

கணக்குப்பிள்ளை சிரித்தார். "வேட்டி மடிப்புல இன்னொரு கட்டு வச்சிருந்தா ஒனக்குத் தெரியுமாக்கும்? அவுத்தா பாத்த?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிங்கடி. நாளைக்கு ஒங்களையும் இப்படித்தான் சொல்லுவாக" என்றாள் அத்தை.

அதிகாரி அவள் சொன்னதை எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் ஐயா கத்தினார். "எடுபடாதுன்னு தெரியும்ல? பெறகு எதுக்கு வாயத் தெறந்த?"

"தெரியும்லே. செத்தவன் மகன் நாளைக்குக் கேப்பான்ல, ஒருத்தர்கூடவா சொல்லலைன்னு."

அந்த மகன் ஒருநாளும் கேட்கவில்லை. வளர்ந்து அதே கம்பெனியில் சேர்ந்து, "எங்கய்யா பீடியால செத்தவரு" என்று அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அத்தைக்கு மறுநாளே வேலை போனது. முதலாளி சித்தியிடம் ஐம்பது ரூபாயைக் கொடுத்து, "மீதி நூத்தம்பதையும் அந்த வாய்க்காரிகிட்டப் போய் வாங்கிக்க" என்றாராம். சித்தி எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புருசன் உசுருக்கு வந்த காசையும் கெடுத்துட்டியேடி!"

அத்தை மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டு உள்ளே போனாள். வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சித்தியின் கையில் ஒரு ரூபாய் வைப்பாள். சித்தி அவள் முகத்தைப் பாராமல் முந்தானையில் முடிந்துகொள்வாள். தப்புச் செய்தவர்கள்தானே பணம் கட்டுவார்கள்? அப்படியானால் அத்தை அன்று சொன்னதுதான் பொய் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருசத்தில் அத்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சித்தி வாசல்வரை வந்தாள், உள்ளே வரவில்லை. என்னைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னாள்.

"ஒங்க ஐயாட்டச் சொல்லு. இன்னும் நாப்பத்திரண்டு ரூவா நிக்குது."